விரிப்புகள் திரும்பிய மதியம்

"சொன்னா கேக்கமாட்டியா? உச்சி வெயில்ல எவனாவது மொட்டை மாடிக்கு..."

"அக்கா, வெயில் நமக்குச் சம்பளம் கேக்காத வேலைக்காரன்! அவனே தேடி வந்திருக்கான், நான் கீழ உக்காந்து..."

"அவன் வேலைக்காரன் இல்லடா, முரடன்! தொப்பியாவது போட்டுட்டுப் போயேன்!"

"தொப்பி போட்டா தலை அரிக்குது!"

"அரிக்கட்டும்! தலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அரிக்கும்!"

அம்மாவும் மாமாவும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் நின்ற பட்டன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பந்தாட்டம் பார்ப்பதுபோல இருந்தது. கழுத்துத்தான் வலித்தது.

பட்டன் என்பது அவளுடைய பட்டப்பெயர். அவர்கள் வைத்திருந்தது ஒரு சலவைக்கடை. சட்டைகளிலிருந்து கழன்று விழும் பட்டன்களை எல்லாம் அவள் ஒரு பாட்டிலில் போட்டு வைப்பாள். "என் பட்டனைக் காணோம்" என்று யாராவது வந்தால், பாட்டிலைக் குலுக்கிச் சரியானதை எடுத்துக் கொடுப்பாள். தெருவே அவளைப் பட்டன் என்றுதான் கூப்பிட்டது.

கடையும் வீடும் ஒரே கட்டடம்தான். கீழ்த்தளத்தில் துவைக்கும் இயந்திரங்கள். அதற்கு மேலே அம்மாவின் இஸ்திரி அறை. அதற்கும் மேலே மொட்டை மாடி. அது மாமாவின் ராஜ்ஜியம். கடற்கரையோரம் இருந்த லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் காய்ந்தன. நாலைந்து உயரமான இரும்புக் கம்பங்கள். கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய கம்பிக் கொடிகள். அந்தத் தெருவிலேயே உயரமான பொருள் அந்த நடுக் கம்பம்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இடி கேட்டால் எல்லோரும் மேலே ஓடுவார்கள். ஊரெல்லாம் இடி கேட்டால் உள்ளே ஓடும். இவர்கள் வெளியே ஓடுவார்கள். காய்ந்த துணி நனைந்துவிடக் கூடாதே! இடிதான் அவர்களுக்கு மணி. மணி அடித்ததும் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூடையோடு பறப்பாள். மாமா இரண்டு படியாகத் தாவுவார். யார் முதலில் கொடியைத் தொடுவது என்று போட்டியே நடக்கும். மாமாதான் எப்போதும் முதல்.

"பாத்தியா பட்டன்? இடி மொதல்ல என் காதுலதான் விழும்" என்பார் மாமா.

"அவ்வளவு பெரிய காது!" என்பாள் பட்டன்.

அன்றைக்கு இடியும் இல்லை, மேகமும் இல்லை. வெயில் மட்டும்தான் இருந்தது. இப்படி ஒரு வெயிலைப் பட்டன் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூட விடுமுறை விட்டுவிட்டார்கள். தெருவில் தார் இளகிப் பளபளத்தது. நாய்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்த வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டன. குழாயைத் திறந்தால் காப்பி போடுகிற சூட்டில் தண்ணீர் வந்தது.

மாமா தொப்பி இல்லாமல் ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் இஸ்திரி போட்டாள். பெட்டி விரிப்பின் மேல் கோபமாகப் போய் வந்தது. பிறகு கையை நிறுத்தினாள்.

"பட்டன், இந்தா. எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை எல்லாம் போட்டிருக்கேன். உன் மாமாகிட்டக் குடு."

"சரிம்மா."

"குடுத்துட்டு ஓடி வந்துடாத. குடிக்கிறாரான்னு பாத்துட்டு வா. குடிச்சிட்டேன்னு பொய் சொல்லுவான், என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியும். நீ தொப்பி எடுத்துக்கோ."

பட்டன் தண்ணீர் பாட்டிலோடு படியேறினாள். ஏற ஏறச் சூடு கூடியது. மாடிக் கதவைத் தள்ளி வெளியே காலை வைத்தவள், "ஸ்ஸ்!" என்று காலை எடுத்துக்கொண்டாள். செருப்பையும் தாண்டித் தரை சுட்டது.

ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்ததும் காலை மறந்துபோனாள். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அது அலுக்காது.

வெள்ளை விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே ஒரு சந்து. அது ஒரு தனி ஊர். வெள்ளைச் சுவர்கள், வெள்ளைத் தெருக்கள், நீலக் கூரை. மதியத்தில் கடலிலிருந்து காற்று வரும்போதெல்லாம் அந்த ஊர் மூச்சு விடும். எல்லா விரிப்பும் ஒன்றாக வயிறு உப்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊர்ப் பக்கமாகப் பறக்கும். டப்... டப்... டப்...

"மாமா! எங்க இருக்க?"

"இங்கதான்" என்று ஒரு விரிப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா தண்ணி குடுத்தாங்க."

"வெச்சிட்டுப் போ. இந்த வரிசை முடிச்சிட்டுக் குடிக்கிறேன்."

"நீ குடிக்கிறதை நான் பாக்கணுமாம்."

"பெரிய போலீஸ்!"

பட்டன் விரிப்பை விலக்கிக்கொண்டு போனாள். மாமா ஒரு தலையணை உறையை எடுத்தார். கிளிப்பை எடுத்தார். உறையைக் கொடியில் போடாமல், வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு கிளிப்பை மாட்டினார். உறை பொத்தென்று கீழே விழுந்தது.

பட்டன் சிரித்துவிட்டாள். "மாமா, காத்துல கொடி கட்டியிருக்கியா?"

மாமா சிரிக்கவில்லை. கீழே விழுந்த உறையையே பார்த்தார். பிறகு பட்டனைப் பார்த்தார்.

"அக்கா, நீ எதுக்கு மேல வந்த?"

"அக்காவா? மாமா, நான் பட்டன்!"

"ஆங்... பட்டன். பட்டன் எங்க?"

பட்டன் கிட்டப் போய்ப் பார்த்தாள். மாமாவின் முகம் செங்கல் மாதிரிச் சிவந்திருந்தது. வழக்கமாக வேர்வை ஒழுகும் நெற்றியில் இன்று ஒரு சொட்டுக்கூட இல்லை. அவர் தள்ளாடி நடந்து, நடுக் கம்பத்தின் அடியில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"மாமா, வா, கீழ போலாம்."

"துணி... துணி எடுக்காம எப்படி வர்றது..."

"மாமா, ப்ளீஸ்."

அப்போதுதான் அது நடந்தது.

டப் டப் என்ற சத்தம் நின்றது.

முதலில் பட்டனுக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். எல்லா விரிப்பும் அசையாமல் நின்றன. ஒரு நுனிகூட ஆடவில்லை. அந்த வெள்ளை ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி.

பிறகு, ஒரு மூலையிலிருந்த விரிப்பு மெதுவாக எழுந்தது. அடுத்தது எழுந்தது. அதற்கடுத்தது. ஊர்ப் பக்கமாக அல்ல. கடல் பக்கமாக! இவ்வளவு நேரமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அத்தனை விரிப்பும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, ஒன்றாகத் திரும்பின. பட்டனின் கழுத்தில் ஒரு காற்று பட்டது. குளிர்பெட்டிக் கதவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரிக் காற்று.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

ஊருக்கு மேலே ஒரு மலை நின்றது.

அங்கே மலை எதுவும் கிடையாது. அது மேகம். வீடுகளுக்கு மேலே, கோபுர விளக்குகளுக்கு மேலே, பறவைகளுக்கு மேலே, அது போய்க்கொண்டே இருந்தது. உச்சி வெள்ளைவெளேரென்று வெயிலில் மின்னியது. அடி மட்டும் மை கொட்டியதுபோல இருண்டு கிடந்தது. கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் அதன் முழு உயரம் கண்ணுக்குள் அடங்கவில்லை. கடலையே பார்த்துப் பழகியவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சத்தமே இல்லாமல் வந்து நின்றிருந்தது.

பட்டனுக்கு வாய் திறந்தது, மூடவில்லை.

அறிவியல் டீச்சர் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. "இடி சத்தம் காதுல விழுந்தா, மின்னல் உங்களை எட்டுற தூரத்துல இருக்குன்னு அர்த்தம். உடனே கட்டடத்துக்குள்ள போயிடணும்." அன்றைக்கே பட்டன் கையைத் தூக்கினாள். எங்க வீட்ல வெளியதான் ஓடுவோம் டீச்சர் என்று சொல்லலாம் என நினைத்தாள். அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது.

இப்போது இந்த மேகம் மணி அடித்தால்?

அம்மா கூடையோடு ஓடி வருவாள். மாமா இரும்புக் கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் கம்பி. கம்பி முழுக்க ஈரத்துணி.

"மாமா, எழுந்திரு!"

"நீ போ. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, நீ நல்லா இல்ல!"

"யாரு சொன்னா? எனக்கு ஒண்ணும் இல்ல. துணியை எடுக்கணும்."

கையைப் பிடித்து இழுத்தாள். மாமா ஒரு மூட்டை மாதிரி இருந்தார். அசையவில்லை. பட்டனுக்கு அழுகை முட்டியது. ஆனால் மாமாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். தனக்காக மாமா ஒரு நாளும் எழுந்திருக்கமாட்டார். அவருக்கு முள் குத்தினால் பரவாயில்லை என்பார். பட்டனுக்குக் குத்தினால் ஊரைக் கூட்டுவார்.

பட்டன் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"மாமா... எனக்குத் தலை சுத்துது. பயமா இருக்கு. என்னைக் கீழ கூட்டிட்டுப் போறியா?"

மாமாவின் கண் சட்டென்று திறந்தது.

"அய்யோ, என்னம்மா ஆச்சு? வா... வா, மாமா கூட்டிட்டுப் போறேன்..."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பட்டனின் தோளில் கையைப் போட்டார். அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்தார். பாதி எடை அவள் தோளில் இருந்தது. வெள்ளைச் சந்துகள் வழியாக இருவரும் தள்ளாடித் தள்ளாடி நடந்தார்கள். விரிப்புகள் முகத்தில் அறைந்தன. போகிற போக்கில் பட்டன் ஒரு ஈர விரிப்பை உருவி இழுத்துக்கொண்டாள்.

கதவைத் தாண்டினார்கள். முதல் படியில் கால் வைத்தார்கள்.

பளீர்!

ஒரு நொடி கழித்து, மேசை நாற்காலி எல்லாவற்றையும் வானத்தில் இழுத்துத் தள்ளுவதுபோல, இடி உருண்டது.

"படி வளைவு வரைக்கும் மாமா. இன்னும் கொஞ்சம்தான். ம்... உக்காரு."

மாமா பொதுக்கென்று உட்கார்ந்தார். பட்டன் ஈர விரிப்பை அவர் மேல் சுற்றினாள். அதற்குள் கீழே தடதடவென்று காலடிச் சத்தம். அம்மா! கூடையோடு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள்.

"பட்டன், அந்தக் கூடையைப் புடி! சீக்கிரம்! இன்னிக்கு எங்க போனான் அவன், இடி அவன் காதுல விழலையா?"

பட்டன் ஓடிப்போய் மேல்படியில் ஏறி, மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கையை விரித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள்.

"யாரும் போகக் கூடாது!"

"என்னடி விளையாட்டு? துணி எல்லாம் நனையுது!"

"நனையட்டும்மா! மாமாவைப் பாரு!"

அம்மா திரும்பினாள். படி வளைவில் லாட்ஜ் விரிப்புக்குள் சுருண்டிருந்த தம்பியை அப்போதுதான் பார்த்தாள். கூடை கையிலிருந்து விழுந்து, ஒவ்வொரு படியாக உருண்டு கீழே போனது.

அதற்குப் பிறகு அம்மா துணி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். "பேச்சு குழறுது... ஆமா, வெயில்ல நின்னான்... சரி... சரிங்க." போனில் சொன்னதை எல்லாம் செய்தாள். சட்டைப் பட்டன்களைக் கழற்றினாள். ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மண்பானையில் இருந்த குளிர்ந்த தண்ணீரை ஒரு வாளியில் கொண்டு வந்தாள். பட்டன் துணியை நனைத்து நனைத்து மாமாவின் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். அம்மா அட்டையால் விசிறினாள்.

"மாமாவுக்குத் தண்ணி குடுக்கலாமாம்மா?"

"பேர் சொல்லத் தெரிஞ்சா குடுக்கலாமாம். டேய், இங்க பாருடா. இது யாரு?" அம்மா பட்டனைக் காட்டினாள்.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"...பட்டன்" என்றார். "பெரிய போலீஸ்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எலுமிச்சைத் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் வெளியே காற்று கத்த ஆரம்பித்தது.

மாடிக் கதவின் மேல்பாதி தடித்த கண்ணாடி. படி வளைவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் நடுக் கம்பத்தின் உச்சியும் விரிப்புகளின் மேல் விளிம்பும் தெரியும். வானம் கறுப்பாக இல்லை; பச்சையும் ஊதாவும் கலந்த, பெயர் இல்லாத ஒரு நிறத்தில் இருந்தது. விரிப்புகள் கொடியிலிருந்து மேல்நோக்கி எழுந்து நின்று துடித்தன.

பிறகு எல்லாம் வெள்ளையானது.

வெளிச்சம் வந்தது என்று சொல்ல முடியாது. வெளிச்சத்தைத் தவிர வேறெதுவுமே இல்லை. அந்த ஒரு கணத்தில் ஒவ்வொரு விரிப்பும் உள்ளே விளக்கேற்றியதுபோல எரிந்தது. ஒவ்வொரு மழைத்துளியும் அந்தரத்தில் நின்றது. நடுக் கம்பத்தின் உச்சியிலிருந்து வானம் வரைக்கும், ஒரு மரத்தின் வேர் மாதிரி, கிளை கிளையாக நெருப்பு நின்றது.

சத்தம் காதில் கேட்கவில்லை. நெஞ்சில் கேட்டது. படிகள் அதிர்ந்தன. அம்மா பட்டனையும் மாமாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

மறுபடி கண்ணாடி வழியே பார்த்தபோது, விரிப்புகள் கொடியில் இல்லை. பெரிய வெள்ளைப் பறவைகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை பட்டன் துணியை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் மாமாவைச் சோதித்துப் பார்த்தார். அதற்குள் மாமா, "என் கிளிப்பு டப்பா மேல இருக்கு" என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்.

"சூடு இறங்கியிருக்கு. இருந்தாலும் இன்னிக்கு ஆஸ்பத்திரியில வெச்சுப் பாக்கணும்" என்றார் நர்ஸ். "இந்த ஈரத்துணி யாரோட யோசனை?"

அம்மா பட்டனைப் பார்த்தாள்.

"இவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் மேல இருந்திருந்தா..." நர்ஸ் பட்டனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

வண்டியில் ஏறும்போது மாமா திடீரென்று நின்றார். "ஏய் பட்டன்! உனக்குத் தலை சுத்துதுன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கு?"

"எனக்குச் சுத்தவே இல்ல மாமா."

"அப்ப... என்னை ஏமாத்தினியா?"

"ஆமா."

"அக்கா! உன் பொண்ணு என்னை ஏமாத்திட்டா!"

"ஏறுடா வண்டியில!"

மறுநாள் லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். "என்னம்மா, எங்க பெட்ஷீட் எல்லாம் காஞ்சிடுச்சா?"

"இல்லீங்க. இப்பத்தான் கடல்ல அலசிட்டு இருக்கு" என்றாள் அம்மா. பிறகு நடந்ததைச் சொன்னாள். மேனேஜர் நல்ல மனிதர், "ஆள் பத்திரமா? அது போதும், துணியை அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா முதலில் மாடிக்குத்தான் போனார். வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. நடுக் கம்பத்தின் உச்சி கறுத்து, ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கம்பிக் கொடிகள் அறுந்து சுருண்டு கிடந்தன. கம்பத்தின் அடியில், அறுந்த கம்பியில் சிக்கிக்கொண்டு ஸ்டூல் கிடந்தது. உட்காரும் இடம் உருகி, நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

மாமா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே வந்து, ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அரிக்குதா மாமா?" என்றாள் பட்டன்.

"அரிக்குது" என்றார் மாமா. கழற்றவில்லை.

புதுக் கொடிகள் வந்தன. இந்த முறை கம்பிக்குப் பதில் நைலான் கயிறு, தாழ்வாகக் கட்டினார்கள். காலையிலும் சாயங்காலமும்தான் மாடி வேலை. மதியம் கதவு பூட்டு. இடி கேட்டால் யாரும் மேலே போவதில்லை.

"அப்ப துணி நனையுமே? நமக்கு மணி யாரு அடிப்பா?" என்றார் மாமா.

"துணியே அடிக்கும் மாமா. அன்னிக்கு இடிக்கு முன்னாடியே எல்லாத் துணியும் நின்னு, கடல் பக்கம் திரும்பிச்சு. நான் பாத்தேன். அது திரும்பினா எடுத்துட்டு வந்துடலாம். அதுக்குள்ள இடி வந்துட்டா விட்டுடலாம்."

"துணி பேசுமாம்! நாளைக்கு வாளி பாட்டுப் பாடும்!"

மாமா அப்படிச் சொன்னாரே தவிர, அன்றிலிருந்து அவர் கண் விரிப்புகளை விட்டு நகரவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம். பட்டன் கிளிப்புகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். டப் டப் சத்தம் நின்றது. பட்டன் நிமிர்வதற்குள் குரல் கேட்டது.

"திரும்பிடுச்சு! பட்டன், துணி திரும்பிடுச்சு! அக்கா, கூடை!"

கத்தியது மாமா.

ஊருக்குப் பின்னால் மேகமலை எழுந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அள்ளினார்கள். கடைசித் தலையணை உறையும் கூடைக்குள் விழுந்து, கதவைச் சாத்தி, படி இறங்கிய பிறகுதான் முதல் இடி உருண்டது.

அம்மா துணியோடு கீழே போனாள். மாமாவின் கால்கள் மட்டும் பழக்கத்தில் சட்டென்று திரும்பி இரண்டு படி மேலே தாவிவிட்டன. அங்கேயே நின்றன. காலைக் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

பட்டன் படி வளைவில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பளீரென்று வந்து அவள் முகத்தில் விழுந்து மறைந்தது. அவள் திரும்பவே இல்லை.

மாமா மெதுவாக இறங்கி வந்தார்.

"கொஞ்சம் நகந்து உக்காரு பட்டன், நானும் பாக்கணும்."